கீர்த்தனை எழுதினால் "எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கு" என்கிறார்கள். என் குரலை எங்கே தேடுவது?

தலவாக்கலைத் தூறல் | ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 20 வயது. தலவாக்கலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தோட்டத்தில் லயத்துக் காம்பராதான் (தொழிலாளர் வரிசை வீட்டில் ஓர் அறை) வீடு. வாய்ப்பாட்டு படிக்கிறேன். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையில் ஐந்தாம் தரம் வரை வந்திருக்கிறேன். உயர்தரத்திலும் கர்நாடக சங்கீதம் ஒரு பாடமாக எடுத்தேன்.

பாடுவதை விட எனக்கு ஆசை எழுதுவதில்தான். மூன்று வருடத்தில் 14 கீர்த்தனை எழுதி மெட்டும் போட்டிருக்கிறேன். போன மாதம் ஒரு போட்டியில் கல்யாணி ராகத்தில் எழுதியதைப் பாடினேன். முழுப் பாட்டையும் சுவரத்தோடு இணைத்திருக்கிறேன். பல்லவி இது:

அருள்புரிவாய் அம்பிகையே – உன்
திருவடி மலரே தஞ்சமென்றேன்

நடுவர் ஒருவர் நல்லபடியாகத்தான் சொன்னார்: "பிழை ஒன்றும் இல்லை தம்பி. ஆனால் இதை நான் ஏற்கனவே நூறு தடவை கேட்டிருக்கிறேன்." ஹட்டனிலிருந்து வீடு வரும்வரை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் சொன்னது உண்மை. 14 பாட்டையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரே ஆள், அதுவும் வேறு யாரோ ஒரு ஆள் எழுதியது போல இருக்கிறது.

இப்போது நாலு சுவரத்தில் புதிதாக ஒரு ராகம் உண்டாக்கிப் பார்க்கிறேன். அதுதான் வழியா? யாராவது சொல்லுங்கள்.

சபைப்பாட்டு | திங்கள் காலை

தம்பி, உங்களை நோகடிக்கச் சொல்லேல்லை. நான் யாழ்ப்பாணத்தில் 30 வருசமாப் பாட்டுச் சொல்லிக் குடுக்கிறன். நூறு கீர்த்தனை மனதில பதிய முன்னம் ஒரு கீர்த்தனை எழுதக் கூடாது எண்டுதான் எனக்குச் சொல்லித் தந்தவை. தியாகராஜர் சொண்டி வெங்கடரமணய்யாவிட்டப் படிச்சவர். முத்துசுவாமி தீட்சிதர் வீட்டிலேயே தகப்பன் ராமசுவாமி தீட்சிதர் பெரிய வாக்கேயகாரர் (சொல்லும் மெட்டும் தானே செய்யிறவர்), அதுக்குப் பிறகும் காசிக்குப் போய் வருசக்கணக்கா வடநாட்டுச் சங்கீதத்தைக் கேட்டு உள்வாங்கினவர். குரல் எண்டது தேடிப் போய் எடுக்கிற சாமான் இல்லை. நிறையப் பாடம் பண்ணுங்கோ. 20 வயதுக்கு என்ன அவசரம்?

புது ராகம் வேண்டாம். லவங்கி எண்டு ச ரி ம த நாலு சுவரத்தில பாலமுரளிகிருஷ்ணா செய்து வச்சிட்டார். 72 மேளத்திலயும் (தாய் ராகத்திலயும்) தமிழில கீர்த்தனை வேணுமெண்டால் கோடீஸ்வர ஐயர் 1938இல் கண்மூட முன்னமே எழுதி முடிச்சிட்டார். அந்தப் பக்கம் உங்களுக்கு வெறும் காணி ஒண்டும் மிச்சமில்லை.

பதுளை மிஸ் | திங்கள் மாலை

மகன், உன் பல்லவியை நான் பாடிப் பார்த்தேன். பாடசாலையில் சங்கீதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான், ஆகவே கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

கல்யாணியில் காந்தாரத்தில் (க) ஆரம்பிக்கிறாய். அனுபல்லவியில் மேல் ஸட்ஜத்துக்கு (ச) ஏறுகிறாய். சரணத்தைப் பஞ்சமத்தில் (ப) எடுத்து, கடைசியில் அனுபல்லவி மெட்டுக்கே வந்து சேர்கிறாய். ஆயிரம் கீர்த்தனைக்கு இந்தக் கட்டடம்தான், அதில் பிழையே இல்லை. ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதி மூன்று போட்டிருக்கிறாய், மூன்றும் நன்றாகவே வளர்கின்றன. நடுவருக்குப் பழசாகக் கேட்டது கட்டடம் இல்லை என்று நினைக்கிறேன். "அருள்புரிவாய்", "திருவடி மலர்", "தஞ்சம்". இந்த மூன்று சொல்லும் எந்த மெட்டைக் கொண்டு வரும் என்று ஆரம்பப் பிள்ளைக்கே தெரியும். சொல் கடனாக வந்தால் மெட்டும் கூடவே கடனாக வரும்.

வாக்கேயகாரர் என்ற சொல்லில் வாக்கும் இருக்கிறது, கேயமும் இருக்கிறது. சாஸ்திரத்தில் மாது, தாது என்பார்கள். மாது சாகித்தியம், தாது இசை. இரண்டையும் ஒருவரே செய்தால்தான் அவர் உத்தம வாக்கேயகாரர். நீ தாதுவில் மட்டும் புதுமை தேடி நாலு சுவர ராகத்துக்குப் போகிறாய். மாது அப்படியே பழைய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஒரு கேள்வி கேட்கிறேன். சங்கீத வகுப்புக்குப் போவதற்கு முன்னால், நாலைந்து வயதில், உன் காதில் விழுந்த பாட்டு என்ன? கோவிலில் ஸ்பீக்கரில் போட்டதைச் சொல்லாதே. வீட்டில் யார் பாடினார்கள்?

ஹட்டன் மிருதங்கம் | திங்கள் இரவு

மிஸ் கேட்டதோடு நானும் ஒன்று கேட்கிறேன் தம்பி. 14 பாட்டில் எத்தனை ஆதி தாளம், அந்த எட்டு எண்ணிக்கை?

தலவாக்கலைத் தூறல் | செவ்வாய்

13 ஆதி. ஒன்று ரூபகம். எண்ணிப் பார்க்கும்வரை எனக்கே தெரியாது அண்ணா.

மிஸ், வீட்டில் அம்மாயிதான் (அம்மாவின் அம்மா) பாடும். தாலாட்டு, பிறகு ஆள் செத்தால் ஒப்பாரி. எங்கள் தோட்டத்தில் எந்த வீட்டில் சாவு நடந்தாலும் அம்மாயியைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அதெல்லாம் சங்கீதத்தில் சேராது என்றுதானே இருந்தேன்.

ஹட்டன் மிருதங்கம் | செவ்வாய் இரவு

நேரமெடுத்து எழுதுகிறேன், ஏனென்றால் இதை நான் வெளியில் அதிகம் பேசியதில்லை.

என் தாத்தா தப்பு அடிப்பவர். அவர் காலத்தில் விடியக் காலையில் பிரட்டுக்களத்துக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடம்) ஆட்களைக் கூப்பிடத் தப்புத்தான் அடிப்பார்களாம். மாசி மாதம் காமன் கூத்துக்கு அடிப்பார், சாவுக்கு அடிப்பார். நான் மிருதங்கம் படிக்கப் போன பிறகு பள்ளிக்கூடத்தில் யாரிடமும் தாத்தாவைப் பற்றிச் சொன்னதில்லை. தப்பு அடிக்கிற வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் எப்படிப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வெட்கத்தில் 15 வருடம் போனது. தாத்தாவிடம் ஒரு அடி கூட முறையாகக் கேட்டுப் படிக்காமலே அவர் போய்விட்டார்.

எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான். ஒரு கையில் தடித்த குச்சி, மறு கையில் நீளமான மெல்லிய குச்சி. எங்கள் பக்கத்துப் பனியில் தோல் சீக்கிரம் தளர்ந்து சத்தம் இறங்கிவிடும். அதனால் அடிக்கடி நெருப்பில் காய்ச்சுவார்கள். காய்ச்சி எடுத்ததும் வருகிற முதல் சத்தம் இருக்கிறதே, அது மலை முழுக்கக் கேட்கும். எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் ரதி மதன் ஆடும்போது தாத்தா அடித்த ஒரு அடியை இப்போது நினைத்துத் தட்டிப் பார்த்தால் மூன்றும் நாலுமாக ஏழு வருகிறது. தகிட தகதிமி. மிச்ரசாபு என்று வகுப்பில் படித்தபோது எனக்கு அது புதிதாகவே தெரியவில்லை. ஏன் என்று பல வருடம் கழித்துத்தான் விளங்கியது.

சியாமா சாஸ்திரிகள் அந்த மூன்றையும் நாலையும் முன்பின்னாக மாற்றி விலோமசாபு என்று நாலும் மூன்றுமாகச் செய்திருக்கிறார். ஏழு எண்ணிக்கைக்குள்ளேயே அவருக்கு அவ்வளவு இடம் இருந்தது. தம்பி, அடுத்த பாட்டை ஆதியில் எழுதாதே. உன் உடம்புக்குள் என்ன நடை இருக்கிறது என்று முதலில் பார்.

பொகவந்தலாவை மகள் | புதன்

வாசித்துவிட்டுப் பேசாமல் போக மனம் வரவில்லை. என் அம்மா கொழுந்து எடுத்தவர், ஒப்பாரி பாடுபவர். அதனால் சிலது சொல்ல வேண்டும்.

தம்பி, அம்மாயியிடம் போய் போனை நீட்டி "ஒப்பாரி பாடு" என்று கேட்டு விடாதீங்க. சாவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடினால் ஆகாது என்பார்கள். கேட்பதே அவர் மனதைச் சங்கடப்படுத்தும். எங்கள் வீட்டுக்கு ஒருமுறை ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் பதிவு செய்துகொண்டு போனார். அம்மா அழுது அழுது பாடினார். போனவர் அதற்குப் பிறகு ஒரு கோல் கூட எடுக்கவில்லை. அந்தக் குரல் எங்கே போனது, யார் கேட்கிறார்கள், இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நீங்கள் சொந்தப் பேரன். அப்படிச் செய்ய மாட்டீர்கள், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

இன்னொன்று. ஒப்பாரியை எல்லாரும் "மக்கள் பாட்டு" என்று சொல்லி, யாரும் எழுதாதது போலப் பேசுகிறார்கள். என் அம்மா ஒவ்வொரு சாவிலும் புதிதாகக் கட்டுவார். செத்தவர் எந்த மலையில் வேலை செய்தார், எத்தனை பிள்ளை பெற்றார், யார் கடைசியில் பார்க்க வரவில்லை, எல்லாம் அந்த இடத்திலேயே எதுகையோடு வரும். பதுளை மிஸ் சொன்ன கணக்கில் பார்த்தால் வாக்கும் கேயமும் அவருடையதுதானே.

பதுளை மிஸ் | புதன்

ஆமாம் மகள். அவரும் வாக்கேயகாரர்தான். நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கே அது விளங்குகிறது. இத்தனை வருடம் இந்தச் சொல்லுக்கு விளக்கம் கொடுத்தேன், இதை நினைத்ததில்லை.

மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் லயம் லயமாகக் கேட்டு இந்தப் பாட்டுகளின் சொற்களைச் சேர்த்து வைத்ததால்தான் நமக்கு இன்று அவை வாசிக்கவாவது கிடைக்கின்றன. சுவரத்தோடு எழுதி வைத்தது மிகக் குறைவு. சங்கீதம் படித்த மலையகப் பிள்ளைகளுக்கு அந்த வேலை அப்படியே கிடக்கிறது.

வெள்ளைக்கட்டை | வியாழன்

நான் கண்டியில் பியானோ படிப்பிக்கிறவன். கர்நாடகம் கேட்பேன், பாடத் தெரியாது. என் பக்கத்திலிருந்து ஒரு விஷயம்.

ஹங்கேரியில் பேலா பார்ட்டோக் (1881–1945) என்ற இசையமைப்பாளருக்கு இதே பிரச்சினை இருந்தது. இளம் வயதில் எழுதியதில் ஜெர்மனிக்காரர்களின் சாயல். 1905க்குப் பிறகு நண்பர் கோடாயோடு கிராமம் கிராமமாகப் போய், மெழுகு உருளையில் பதிவு செய்யும் கருவியோடு, குடியானவர்களின் பாட்டைச் சேர்த்தார். ஆயிரக்கணக்கில். அந்தப் பாட்டுகளைப் பூ வைத்த மாதிரி தன் இசையில் செருகி விட்டுப் போகவில்லை. எந்தச் சுவரத்தில் முடிகிறது, எந்த இடத்தில் மூச்சு விடுகிறது, அழுத்தம் எங்கே விழுகிறது என்று வருடக்கணக்கில் எழுதி எழுதிப் பார்த்தார். பிறகு ஒரு கிராமத்துப் பாட்டையும் எடுத்துப் போடாமல் எழுதியபோதும் அந்த மண்ணின் இழுப்பு அவர் இசையில் இருந்தது.

அதனால் தம்பி, அம்மாயி சம்மதித்தால் பதிவு செய்யுங்கள். போனிலேயே வேகத்தைப் பாதியாக்கிக் கேட்கலாம். சுவரப்படுத்துங்கள், அதாவது ச ரி க ம என்று எழுதி வையுங்கள். ஆனால் கீபோர்டை வைத்துச் சரிபார்க்க வேண்டாம். என் கட்டைகளுக்கு இடையில் விழுகிற சுவரம் ஒன்றுக்கும் அதில் இடம் கிடையாது.

சபைப்பாட்டு ஐயா சொன்ன தீட்சிதரே, மணலியில் இருந்த நாட்களில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினாரே, நொட்டுஸ்வரம். காதில் விழுந்ததை அவர் ஒதுக்கவில்லை.

சபைப்பாட்டு | வியாழன் இரவு

நொட்டுஸ்வரம் எழுதினவர்தான், மறுக்கேல்லை. ஆனால் அதை எழுதின கைக்குப் பின்னால எவ்வளவு படிப்பு இருந்தது எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. பார்ட்டோக்கும் முதலில முறையாப் படிச்சுப் போட்டுத்தான் கிராமத்துக்குப் போயிருப்பார். ஒப்பாரியைக் கேட்டு நாலு வரி எழுதினால் கீர்த்தனை ஆகாது. ராகத்துக்கு இலக்கணம் இருக்கு.

கடல்காற்று | வெள்ளி

நான் மட்டக்களப்பு, கல்லடியில் விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிறன். அந்த இலக்கணத்துக்குள்ளேயே வழி இருக்கு ஐயா.

நாதநாமக்கிரியை, புன்னாகவராளி, குறிஞ்சி, செஞ்சுருட்டி. இதெல்லாம் மற்ற ராகங்கள் மாதிரி மேல் ஸட்ஜத்துக்கு ஏறி வாறதில்லை. முதல் ரெண்டும் நிஷாதாந்தியம், மேலே நிஷாதத்தோட (நி) நிண்டு கீழ் நிஷாதத்தில வந்து முடியும். செஞ்சுருட்டிக்கும் மேலே நிஷாதம்தான் எல்லை. குறிஞ்சி தைவதாந்தியம், மேலே தைவதத்தோட (த) நிண்டிடும். தாலாட்டு, கும்மி, காவடி, மகுடி எல்லாம் புழங்கிற இடம் இந்த வீச்சுத்தான். ஒரு கிழவி மூச்சு வாங்காமல் பாடக் கூடிய எல்லை. மும்மூர்த்திகளும் (தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள்) இதை விட்டு வைக்கேல்லை. புன்னாகவராளியில சியாமா சாஸ்திரிகளின் "கனகசைல விஹாரிணி", தீட்சிதரின் "ஏஹி அன்னபூர்ணே" ரெண்டும் இருக்கு.

இதுகளை மத்திமசுருதியில பாடுறதுதான் வழக்கம். தம்பூராவில ப வுக்குப் பதிலா ம வைச்சு, அந்த ம வையே ஸட்ஜமாப் பிடிச்சுக்கொண்டு பாடுறது. கீழே இறங்குற பாட்டுக்குத் தொண்டையில இடம் கிடைக்கும். சுருதிப்பெட்டி ஆப்பில ம வை மாத்திவிட்டு ஒரு மணி நேரம் சும்மா முணுமுணுத்துப் பாருங்க தம்பி.

சாகித்தியத்துக்கு ஒரு பயிற்சி: அருணகிரிநாதரின் திருப்புகழ்ச் சந்தம் ஒண்டை எடுத்து, அதே குறில் நெடில் அடைவில உங்கட ஊர்ச் சொல்லைப் போட்டு எழுதுங்க. சாமி பேர் வேண்டாம். மலை, பாதை, மழை எது வேணுமானாலும். சொல்லுக்குள்ள தாளம் எப்படி உட்காருது எண்டு கை சொல்லித் தரும்.

தலவாக்கலைத் தூறல் | 16 நாள் கழித்து

மன்னிக்கவும், வேலைக்குப் போகத் தொடங்கியதால் வர முடியவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

ஒப்பாரி கேட்கவில்லை அக்கா. நீங்கள் சொன்னதை அப்படியே அம்மாயியிடம் சொன்னேன், "அந்தப் புள்ளைக்கு வெவரம் தெரியுது" என்றது. தாலாட்டுப் பாடியது. முதல் நாள் தகரத்தில் மழை, பதிவு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் நாள் கிடைத்தது. பிறகு அதுவாகவே ஒன்று சொன்னது. முன்பு மலையில் பிரிந்து நின்று கொழுந்து எடுக்கும்போது, பனி இறங்கி ஆள் தெரியாமல் போனால், ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி இழுத்துக் கூப்பிடுவார்களாம். கூப்பிட்டுவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். அந்தப் பக்கத்து மலையிலிருந்து பதில் வரும்வரை அடுத்த குரல் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இரண்டும் மோதி எதுவும் விளங்காது. அந்தக் கூப்பிடு குரலையும் செய்து காட்டியது. 74 வயது. எனக்கு மயிர் சிலிர்த்துவிட்டது.

பாதி வேகத்தில் கேட்டு எழுதினேன். தாலாட்டும் கூப்பிடு குரலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கின்றன. கீழ் நிஷாதத்திலிருந்து மத்திமம் வரை, எப்போதாவது பஞ்சமம். எல்லா வரியும் இறங்குகிறது. ஸட்ஜத்தில் முடியும் என்று காத்திருந்தால் அதைத் தாண்டி நி க்குப் போய் நிற்கிறது. என் 14 பாட்டில் ஒன்று கூட அப்படி முடியவில்லை.

குழப்பம் காந்தாரத்தில்தான். தாழ்ந்த க வான சாதாரணமா, உயர்ந்த க வான அந்தரமா என்று பிடிபடவில்லை. சாதாரணம் என்றால் புன்னாகவராளி, அந்தரம் என்றால் நாதநாமக்கிரியை. அம்மாயி ஒரு தடவை இப்படி, ஒரு தடவை அப்படி.

பதுளை மிஸ் | அன்று இரவே

அம்மாயிக்கு அந்தக் குழப்பம் கிடையாது மகன், கேள்வி நம்முடையது. ரிஷபத்தை எப்படிப் பிடிக்கிறார் என்று கேட்டுப் பார். காந்தாரத்தை நேராக நிறுத்துகிறாரா, மத்திமத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வருகிறாரா? வழுக்கி வந்தால் புன்னாகவராளி பக்கம் சாய்ந்து எழுது. உன் தொண்டையில் எது தானாக வருகிறதோ அதுதான்.

தலவாக்கலைத் தூறல் | 4 நாள் கழித்து

வழுக்கித்தான் வருகிறது மிஸ். புன்னாகவராளி, மிச்ரசாபு, மத்திமசுருதி. சுவரத்தாளை இணைத்திருக்கிறேன். பல்லவியும் அனுபல்லவியும் இதோ:

பனிமூடும் பாதையிலே போனவளே – நான்
தனியாக நின்றுன்னைக் கூப்பிடவோ

குனிந்த முதுகினிலே கூடையின் பாரம்
இனியும் சுமந்திட ஏறினையோ

ஒவ்வொரு சீரும் ஓர் ஆவர்த்தனம், தாளத்தின் ஒரு சுற்று. "கூப்பிடவோ" கீழ் நிஷாதத்தில் முடிகிறது. அதற்குப் பிறகு ஓர் ஆவர்த்தனம் முழுக்க ஒன்றும் இல்லை. பாட்டும் இல்லை, தம்பூரா மட்டும். பதில் வருகிறதா என்று நிற்கிறேன். இது பிழை என்றால் சொல்லுங்கள். எடுக்க மனமில்லை.

ஹட்டன் மிருதங்கம் | ஒரு மணி நேரத்தில்

எடுக்காதே. அந்த ஏழு எண்ணிக்கையில் நான் கை வைக்க மாட்டேன். பாட்டு திரும்பி வரும்போது தொப்பியில் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) ஒரே ஒரு அடி, காய்ச்சிய தப்பின் முதல் சத்தம் மாதிரி. இதை வாசிக்க எனக்கு ஆசையாக இருக்கிறது தம்பி. கூப்பிடு, வருகிறேன்.

சபைப்பாட்டு | அடுத்த நாள்

பாடிப் பார்த்தன். இரண்டு தரம்.

அந்த வெறும் ஆவர்த்தனம் எனக்கு ஒத்துவரேல்லை. கார்வை குடுத்து நிஷாதத்தை இழுக்கலாம், அதுக்கு வழக்கம் இருக்கு. சபையில ஆக்கள் பாட்டு முடிஞ்சுது எண்டு கைதட்டிப் போடுவினம். இதில என்ர அபிப்பிராயம் மாறாது.

ஆனால் ஒண்டு கவனிச்சன். "தனியாக" எண்ட இடத்தை நீங்கள் ரி க வில வைச்சிருக்கிறியள். "தனி" எண்ட சொல்லே த நி எண்டு சுவரமா வருது. அதை த நி யிலேயே வைச்சால் ஸ்வராக்ஷரம். புன்னாகவராளிக்கு ஏறக்கூடிய உச்சமும் அந்த நிஷாதம்தான். ராகத்தின்ர உச்சியில ஒருத்தன் தனிய நிண்டு கூப்பிடுறான், பிறகு படிப்படியா இறங்கிக் கீழ் நிஷாதத்துக்கு வாறான். ஒரே சுவரத்தில தொடங்கி ஒரே சுவரத்தில முடியுது, நடுவில முழு ராகமும். அதே மாதிரி "பனி"யை ப நி எண்டு இழுக்கப் பார்க்காதையுங்கோ. ராகம் அங்க த வை விட்டுத் தாண்டாது. அது கீழேயே தொடங்கட்டும்.

கனகசைல விஹாரிணியைப் பாடமாக்குங்கோ. ஆரும் சொல்லித் தர இல்லாட்டி எனக்குத் தனிமடல் போடுங்கோ, சனிக்கிழமைகளில போனில சொல்லித் தாறன். காசு வேண்டாம்.

கடல்காற்று | அன்றே

ஐயா, த நி யோசனையைக் கேட்டு எழும்பி நிண்டு பாடினன். அருமை.

தலவாக்கலைத் தூறல் | 3 நாள் கழித்து

சேர், தனிமடல் போட்டிருக்கிறேன். மிகவும் நன்றி. "தனி"யை த நி க்கு மாற்றினேன். இனி வேறு எங்கேயும் வைக்க முடியாது என்று ஆகிவிட்டது. வெறும் ஆவர்த்தனத்தை வைத்துக்கொள்கிறேன், கோபிக்க வேண்டாம்.

நேற்று அம்மாயிக்குப் பாடிக் காட்டினேன். அடுப்படியில் உட்கார்ந்து கேட்டது. பல்லவிக்கு ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டியது. அனுபல்லவி வந்ததும் நிறுத்தச் சொன்னது.

"யார்டா சொன்னா பாரம் முதுகுலன்னு? கூடைதான் முதுகுல தொங்கும். கயிறு தலையில கிடக்கும். பாரமெல்லாம் நெத்தியிலதான் இழுக்கும். இங்க பாரு."

கையைப் பிடித்துத் தன் நெற்றிக்கு மேலே வைத்தது. முடி தொடங்குகிற இடத்தில் குறுக்காக ஒரு பள்ளம். தினமும் பார்க்கிற முகம். 20 வருடத்தில் நான் அதைத் தொட்டதில்லை.

"குனிந்த நெற்றியிலே கூடையின் பாரம்" என்று மாற்றினேன். மாற்றியதும் மெட்டு உடைந்தது. "முதுகினிலே" என்றபோது மு, து, கி, னி என்று நாலு குறில், ஓடிக் கடந்துவிடலாம். "நெற்றியிலே" என்றால் முதல் எழுத்திலேயே ற் வந்து தடுக்கிறது. அங்கே நின்றுதான் ஆக வேண்டும். ரிஷபத்தில் நிறுத்திப் பார்த்தேன். அங்கிருந்து ஸட்ஜத்தைத் தொடாமல் வழுக்கி நிஷாதத்துக்கு இறங்கியது. நான் இறக்கவில்லை. அந்தப் பிடி நான் படித்த எந்தப் பாட்டிலும் இல்லை. ஆனால் எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று பதிவைப் போட்டுப் பார்த்தேன். அம்மாயியின் தாலாட்டில் மூன்றாவது வரி.

பொகவந்தலாவை மகள் | அன்று இரவு

தம்பி, அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். அவரும் கையைத் தூக்கித் தன் நெற்றியில் வைத்துப் பார்த்தார். சரணம் எழுதினால் முதலில் எங்களுக்குப் பாடி அனுப்புங்க.

பதுளை மிஸ் | அடுத்த நாள் காலை

மகன், அந்த ரி நி பிடியைப் பாடி எனக்கு ஒரு பதிவு அனுப்பு. சுவரப்படுத்தும்போது ரி க்கு மேல் ஒரு சின்ன அசைவுக் குறி போட வேண்டும் என்று நினைக்கிறேன், கேட்டுவிட்டுச் சொல்கிறேன். சரணத்தை அவசரமாக எழுதாதே. பாட்டுக்குள் எழுதியவரின் அடையாளமாக வரும் முத்திரை என்ன வைக்கப் போகிறாய்? தீட்சிதருக்கு குருகுஹ, சாஸ்திரிகளுக்கு சியாமகிருஷ்ண.

தலவாக்கலைத் தூறல் | அன்று மாலை

பதிவு அனுப்பிவிட்டேன் மிஸ். முத்திரையாக அம்மாயியின் பெயரை வைக்கலாமா என்று யோசிக்கிறேன். அதுகிட்ட இன்னும் கேட்கவில்லை. இன்று கேட்கிறேன்.